கால்சியம் எந்த வழியாக வந்தது? இரத்தக்குழாய்த் தசையின் ஹார்மோன் சமிக்ஞையைப் படிக்கத் தொடங்குபவருக்கு

பாடநூலைத் திறந்தால் ஒரே ஒரு கோடுதான் இருக்கும். ஹார்மோன் ஏற்பியில் (ஹார்மோனைப் பிடிக்கும் சவ்வுப் புரதம்) வந்து ஒட்டுகிறது, ஏற்பி ஜி புரதத்தை (சவ்வின் உட்புறத்தில் காத்திருக்கும் இடைத்தூதர்) எழுப்புகிறது, அது ஒரு நொதியை எழுப்புகிறது, நொதி ஐபி3 என்ற மூலக்கூறை வெட்டித் தருகிறது, ஐபி3 கால்சியத்தை வெளியேற்றுகிறது, தசை சுருங்குகிறது. அம்புக்குறிகளை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு முதன்முதலாக என் கையால் ஒரு கால்சியம் வரைபடத்தை, அதாவது செல்லுக்குள் கால்சியம் நேரப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை, எடுத்தபோது அந்தக் கோட்டோடு எதுவுமே பொருந்தவில்லை. ஒரே உச்சமாக எழுந்து இறங்க வேண்டியது, ரம்பத்தின் பற்கள் மாதிரி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் அதைக் குடைந்தேன். கருவிக்கு ஒன்றுமில்லை. வழக்கத்தைவிட ஹார்மோனை மிகக் குறைவாக விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த அரை நாளை நீங்கள் மிச்சப்படுத்தலாம். செல், சவ்வு, புரதம் என்ற அளவுக்கு உயிரியல் தெரிந்தால் போதும். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகளைக் கேட்டபடியே போகப் போகிறோம்: இந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது? ஹார்மோன் எவ்வளவு இருந்தது?

படி 1: பெயர்களுக்கு முன்னால் எண்கள்

தாளில் இரு முனையும் கூம்பிய ஒரு நீண்ட செல்லை வரையுங்கள். இதுதான் இரத்தக்குழாய்ச் சுவரைச் சுற்றிக் கிடக்கும் மென்தசைச் செல். வரியற்ற தசை என்றும் சொல்வார்கள். செல்லுக்கு வெளியே, கட்டின்றித் திரியும் கால்சியம் அயனியின் செறிவு 1 மில்லிமோலாருக்குச் சற்று மேல். உள்ளே, ஓய்வு நிலையில், சுமார் 100 நானோமோலார். கிட்டத்தட்ட 10,000 மடங்கு வித்தியாசம். செல்லுக்குள் சவ்வை ஒட்டியபடி ஒரு மடிப்புப் பையை வரையுங்கள். அது சார்கோபிளாச வலை, செல்லின் சொந்தக் கால்சியக் கிடங்கு. அதற்குள்ளும் செல்சாற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கால்சியம் இருக்கிறது.

இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: சவ்வின் மின்னழுத்தம். அழுத்தத்தில் இருக்கும் தமனித் தசையில் இது ஏறக்குறைய −40 முதல் −60 மில்லிவோல்ட் வரை. பலர் இந்த எண்ணை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். பின்னால் குழம்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தசை சுருங்க, உள்ளிருக்கும் 100 நானோமோலார் சில மடங்கு உயர்ந்து, 500 நானோமோலார் முதல் 1 மைக்ரோமோலார் வரை வந்தால் போதும். வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு கதவு இம்மியளவு திறந்தாலும் செல்லுக்கு அது பெரிய செய்தி. அந்தச் சிறு சுருக்கத்தின் விளைவோ சிறியதல்ல. குழாயின் ஆரம் குறையும்போது இரத்த ஓட்டத்துக்கான தடை நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஆரம் 10 சதவீதம் குறைந்தால் தடை 50 சதவீதத்துக்கு மேல் கூடும்.

படி 2: ஹார்மோனைத் தனியாக எழுதாதீர்கள்

“வாசோபிரஸின் இரத்தக்குழாயைச் சுருக்கும்” என்று குறிப்பெடுப்பது கெட்ட பழக்கம். வாசோபிரஸின் வி1ஏ ஏற்பியில் ஒட்டினால் இரத்தக்குழாய்த் தசையில் கால்சியம் ஏறும். அதே வாசோபிரஸின் சிறுநீரகத்தில் வி2 ஏற்பியில் ஒட்டினால் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேறொரு தூது மூலக்கூறு ஏறும், நீர் உடலுக்குத் திரும்பும். அட்ரினலினும் அப்படித்தான். ஆல்ஃபா-1 ஏற்பி வழியாகக் குழாயைச் சுருக்கும், பீட்டா-2 ஏற்பி வழியாகத் தளர்த்தும். செல் கேட்பது ஏற்பியின் பேச்சைத்தான்.

அதனால் எப்போதும் இணையாக எழுதுங்கள்: வாசோபிரஸின்–வி1ஏ, ஆஞ்சியோடென்சின் 2–ஏடி1, நார்அட்ரினலின்–ஆல்ஃபா-1, எண்டோதெலின் 1–இடிஏ. இவை எல்லாமே சவ்வை ஏழு முறை துளைத்துச் செல்லும் ஏற்பிகள். இந்தத் தசையில் இவை முக்கியமாகப் பேசுவது ஜிக்யூ என்ற ஜி புரதத்தோடு. ஏற்பிகளின் பெயர்களை நினைவில் நிறுத்த மருந்துகள் உதவும்: லோசார்டான் ஏடி1-ஐ அடைக்கிறது, பிரசோசின் ஆல்ஃபா-1-ஐ அடைக்கிறது.

படி 3: சவ்வில் ஒரு கிளை பிரிகிறது

ஹார்மோன் ஒட்டியதும் ஏற்பி வடிவம் மாறுகிறது. ஜிக்யூ தன்னிடம் இருந்த குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு, ஒரு பாஸ்பேட் கூடுதலான அதன் அண்ணனை, அதாவது குவானோசின் ட்ரைபாஸ்பேட்டை, பிடித்துக்கொள்கிறது. அதன் ஆல்ஃபா துண்டு பிரிந்து போய் பாஸ்போலிபேஸ் சி-பீட்டா என்ற நொதியை இயக்குகிறது. நொதி, சவ்விலேயே இருக்கும் பிஐபி2 என்ற கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. நீரில் கரையும் பாதி ஐபி3. சவ்விலேயே தங்கிவிடும் பாதி டிஏஜி.

இங்கே தாளில் கோட்டை இரண்டாகப் பிரித்து வரையுங்கள். ஐபி3 கால்சியத்துக்கு, டிஏஜி புரதக் கைனேஸ் சி-க்கு (கைனேஸ் என்றால் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) என்று பிரித்துவிட்டு, இரண்டாவது கிளையை அத்தோடு மறந்துவிடுவது வழக்கம். மறக்காதீர்கள். டிஏஜி கிளையும் கால்சியத்தைக் கொண்டுவரும், வேறு வழியாக. என் ரம்பப் பல் வரைபடத்துக்கான விடையும் அந்தக் கிளையில்தான் இருந்தது.

படி 4: உள் கிடங்கு திறக்கிறது

ஐபி3 செல்சாற்றில் பரவிப் போய், சார்கோபிளாச வலையின் மேலிருக்கும் ஐபி3 ஏற்பியில் ஒட்டுகிறது. பெயர் ஏற்பி என்றாலும் இது ஒரு கால்சியக் கால்வாய், அதாவது சவ்வில் அயனி கடந்துபோகும் புரதத் துளை. நான்கு துணை அலகுகள் சேர்ந்தது, ஒவ்வொன்றிலும் ஓர் ஐபி3 ஒட்டும் இடம் உண்டு. ஐபி3 கிடங்கைத் திறக்கிறது என்பது 1983-இல் கணையச் செல்களில் காட்டப்பட்டது. ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ் ஆகியோரின் வேலை அது. அதற்கு முன்பு ஹார்மோனுக்கும் கிடங்குக்கும் நடுவே தூது போவது யார் என்பது விடுகதையாகவே இருந்தது.

இந்தக் கால்வாய்க்கு ஒரு வினோத குணம் உண்டு. பக்கத்தில் கொஞ்சம் கால்சியம் இருந்தால் இன்னும் நன்றாகத் திறக்கும். அதிகமாகிவிட்டால் மூடிக்கொள்ளும். அதனால்தான் கால்சியம் செல்லின் ஒரு முனையில் எழுந்து அலையாக மறுமுனைக்கு ஓடுவதும், விட்டுவிட்டு அதிர்வதும் நடக்கிறது. செல் முழுக்க ஒரே சீராகக் கால்சியம் ஏறுகிறது என்று கற்பனை செய்யாதீர்கள்.

படி 5: வெளிக்கதவுகள்

கிடங்கு சிறியது. அதிலிருந்து கொட்டிய கால்சியத்தைப் பம்புகள் சீக்கிரமே அள்ளிவிடும். தசை நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் சுருங்கி நிற்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து கால்சியம் வந்தாக வேண்டும். ஆரம்பநிலைப் பாடங்கள் இந்த இடத்தில்தான் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. நாம் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் கதவு மின்னழுத்தத்தால் திறப்பது: எல் வகைக் கால்சியக் கால்வாய். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற மருந்துகள் அடைப்பது இதைத்தான். ஹார்மோன் இதில் நேரடியாக ஒட்டுவதில்லை. சவ்வின் மின்னழுத்தம் −50-இலிருந்து −40 பக்கம் நகர்ந்தாலே இந்தக் கதவு கூடுதலாகத் திறக்கத் தொடங்கிவிடும். அப்படியானால் ஹார்மோனின் வேலை மின்னழுத்தத்தை நகர்த்துவது. அதற்கு அதனிடம் மூன்று உபாயங்களாவது உண்டு.

பொட்டாசியக் கால்வாய்களை மூடுவது ஒன்று. வெளியே போய்க்கொண்டிருந்த நேர்மின் அயனிகள் உள்ளேயே தங்கும், மின்னழுத்தம் மேலேறும். இந்தத் தசையில் கேவி7 குடும்பத்துக் கால்வாய்கள் ஓய்வு நிலையிலேயே ஓரளவு திறந்திருப்பதால், அவற்றைச் சற்று அடக்கினாலும் விளைவு தெரியும். கிடங்கிலிருந்து வந்த கால்சியம் குளோரைடு கால்வாய்களைத் திறப்பது இன்னொன்று. மென்தசைச் செல்லுக்குள் குளோரைடு நிறைய இருப்பதால், கால்வாய் திறந்ததும் அது வெளியே ஓடுகிறது. எதிர்மின் அயனி வெளியேறினால் உட்புறம் நேர்மின் பக்கம் நகரும். நரம்புச் செல்லில் படித்த பழக்கத்தில் “குளோரைடு என்றால் அடக்குவது” என்று நினைப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். மூன்றாவது, டிஏஜியால் திறக்கும் டிஆர்பிசி6 போன்ற கால்வாய்கள். இவற்றின் வழியே சோடியமும் கொஞ்சம் கால்சியமும் உள்ளே வரும்.

இரண்டாவது வெளிக்கதவுக்கு மின்னழுத்தம் தேவையில்லை. கிடங்கு காலியானால் அது திறக்கும். கிடங்கின் உள்ளே கால்சியம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பது ஸ்டிம்1 புரதம். காலியானதும் அது கூட்டமாகச் சேர்ந்து செல்சவ்வை நெருங்கி, அங்கிருக்கும் ஒராய்1 கால்வாயைத் திறக்கிறது. இந்த இருவரும் யாரென்று தெரிந்தது 2005, 2006-இல்தான். முழு வளர்ச்சி பெற்ற தமனித் தசையில் எல் வகைக் கதவே பெரிய ஆள். வளர்ப்புத் தட்டில் பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் ஒராய் பக்கம் கை ஓங்கும். ஆக, ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது செல் எங்கிருந்து எடுத்தது என்பதை முதலில் பாருங்கள்.

படி 6: எவ்வளவு ஹார்மோன்?

சரி, இப்போது என் ரம்பப் பற்களுக்கு வருவோம். எலிக் கருவின் மார்புப் பெருந்தமனியிலிருந்து உருவாக்கிய ஏ7ஆர்5 என்ற செல் வரிசை இந்தத் துறையில் பழைய நண்பன். அதற்கு வாசோபிரஸினை நானோமோலார் கணக்கில், தாராளமாகக் கொடுத்தால் பாடநூல் சொல்வது அப்படியே நடக்கும்: ஐபி3 பெருகும், கிடங்கு கொட்டும், ஒரு பெரிய உச்சம், பிறகு தாழ்ந்த ஒரு மேடை.

அதே வாசோபிரஸினை 100 பிகோமோலார், அதாவது 0.1 நானோமோலார், அளவில் கொடுங்கள். பெரிய உச்சம் வராது. மாறாக, கூர்மையான சிறு உச்சங்கள் திரும்பத் திரும்ப வரும். எல் வகைத் தடுப்பானைப் போட்டால் அவை முழுவதுமாக நின்றுவிடும். அதாவது இந்தக் கால்சியம் கிடங்குடையது அல்ல. இங்கே வேலை செய்வது டிஏஜி கிளை: புரதக் கைனேஸ் சி இயங்குகிறது, கேவி7 பொட்டாசியக் கால்வாய்கள் அடங்குகின்றன, மின்னழுத்தம் மேலேறுகிறது, செல் மின்துடிப்புகளை எழுப்புகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் எல் வகைக் கதவு திறந்து மூடுகிறது. செல்கள் நெருக்கமாக வளர்ந்திருந்தால் அவற்றுக்கிடையே மின் இணைப்பு இருப்பதால், தட்டு முழுக்கச் செல்கள் ஒன்றாகவே துடிக்கும். பார்க்க அழகாக இருக்கும்.

இதை ஆய்வகக் குறும்பு என்று ஒதுக்க முடியாது. உடலில் இரத்தத்தில் ஓடும் வாசோபிரஸின் சாதாரணமாகப் பிகோமோலார் அளவில்தான் இருக்கிறது. பாடநூல் கோடு, பெரும்பாலும் மிகை அளவு ஹார்மோனில் எடுத்த படம். ஒரே ஹார்மோன், ஒரே ஏற்பி, ஆனால் அளவு மாறினால் கால்சியத்தின் ஊற்றே மாறுகிறது. தாளில் உங்கள் கிளைகளுக்குப் பக்கத்தில் “குறைந்த அளவு”, “அதிக அளவு” என்று இரண்டு வண்ணங்களில் குறித்து வையுங்கள். இவ்வளவு கறாரான பிரிவு எல்லாத் தமனியிலும் எல்லா ஹார்மோனுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வியை மட்டும் எல்லா இடத்திலும் கேளுங்கள்.

படி 7: கால்சியத்திலிருந்து சுருக்கத்துக்கு

எலும்புத்தசையில் படித்த ட்ரோபோனினை இங்கே தேடாதீர்கள், இல்லை. நான்கு கால்சியம் அயனிகள் கால்மோடுலின் என்ற புரதத்தில் ஒட்டுகின்றன, கால்மோடுலின் மயோசின் இலகு சங்கிலிக் கைனேஸை இயக்குகிறது, அது மயோசினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது, மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. அந்தப் பாஸ்பேட்டை இறக்க ஒரு பாஸ்பேட்டேஸ் இருக்கிறது. ஹார்மோன் அதையும் அடக்கி வைக்கும், ரோ கைனேஸ் வழியாகவும் புரதக் கைனேஸ் சி வழியாகவும். அப்போது கால்சியம் இறங்கிய பிறகும் சுருக்கம் நிற்கும். கால்சியக் கோடும் விசைக் கோடும் ஒட்டிப் போகவில்லையே என்று திகைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கால்சியம் ஏறினால் எப்போதுமே சுருக்கம்தான் என்றும் இல்லை. சவ்வுக்கு மிக அருகே, ரையனோடின் ஏற்பிகள் (கிடங்கின் இன்னொரு வகைக் கால்சியக் கால்வாய்) வழியாகக் கிடங்கிலிருந்து சின்னச் சின்னப் பொறிகளாகக் கால்சியம் தெறிப்பதுண்டு. அந்தப் பொறி பக்கத்திலிருக்கும் பெரிய பொட்டாசியக் கால்வாய்களைத் திறக்கிறது, மின்னழுத்தம் கீழிறங்குகிறது, எல் வகைக் கதவு மூடுகிறது, தசை தளர்கிறது. 1995-இல் நெல்சன் குழுவினர் மூளைத் தமனிகளில் இதைக் காட்டியபோது பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருந்திருக்கும். எவ்வளவு கால்சியம் என்பதோடு எந்த மூலையில் என்பதும் கணக்கில் வருகிறது.

படி 8: வரைபடத்தை விசாரிப்பது

இப்போது ஓர் உண்மையான வரைபடம் உங்கள் முன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது ஃபியூரா-2 என்ற, கால்சியம் ஒட்டினால் ஒளிர்வு மாறும் சாயத்தால் எடுத்ததாக இருக்கும். 1985-இல் ரோஜர் சியென் குழு வெளியிட்ட சாயம் இது. 340, 380 நானோமீட்டர் என இரு ஒளிகளில் மாறி மாறித் தூண்டி, இரண்டின் விகிதத்தை எடுப்பார்கள். சாயம் ஒரு செல்லில் கூடவோ குறையவோ ஏறியிருந்தாலும் விகிதம் பெரிதாகப் பிசகாது.

முதல் சோதனை, வெளிக் கால்சியத்தை நீக்கிவிட்டு ஹார்மோனைக் கொடுப்பது. உச்சம் அப்படியே வந்து மேடை மட்டும் மறைந்தால், உச்சம் கிடங்கிலிருந்தும் மேடை வெளியிலிருந்தும் வந்தவை. ஒன்றுமே வராவிட்டால் வெளிக்கதவுதான் மூலம். கால்சியம் சேர்க்காத கரைசல் என்றால் கால்சியம் இல்லாத கரைசல் என்று அர்த்தமல்ல, நீரிலும் உப்பிலும் இருந்து மைக்ரோமோலார் கணக்கில் வந்துவிடும். சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை வைத்துச் செய்த சோதனைகளில் லண்டன் குழாய்நீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வைத்தது என்பதை 1883-இல் கண்டுபிடித்துத் தன் முந்தைய முடிவையே திருத்திக்கொண்டார். அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இஜிடிஏ என்ற பொருளைச் சேர்த்து மிச்சத்தையும் கட்டிவிட வேண்டும். ஆனால் செல்களை அதில் நெடுநேரம் ஊற விட்டால் கிடங்கும் வடிந்துவிடும். ஓரிரு நிமிடத்துக்குள் ஹார்மோனைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, எல் வகைத் தடுப்பான். நிஃபெடிபின் ஒளி பட்டால் சிதையும். ஃபியூரா-2-க்கு நாம் பாய்ச்சும் புறஊதா ஒளியே அதைத் தின்றுவிடும். தடுப்பான் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன் இதை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, தாப்சிகார்ஜின். இது கிடங்குக்குக் கால்சியத்தை ஏற்றும் பம்பை நிறுத்துகிறது, கிடங்கு தானே கசிந்து காலியாகும். காலியாகும்போது அதுவே கால்சியத்தை ஏற்றும், ஒராய் கதவையும் திறந்துவிடும். கோடு அடங்கும்வரை பொறுத்திருந்து பிறகு ஹார்மோனைக் கொடுக்க வேண்டும். நான்காவது, 60 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு. ஏற்பியையே தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் ஏற்றி எல் வகைக் கதவைத் திறக்கும். செல்லில் அந்தக் கதவு இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

2-ஏபிபி, யு73122 என்ற இரண்டு பொருள்கள் கட்டுரைகளில் அடிக்கடி வரும். முதலாவதை ஐபி3 ஏற்பித் தடுப்பான் என்றும், இரண்டாவதைப் பாஸ்போலிபேஸ் சி தடுப்பான் என்றும் எழுதுவார்கள். இரண்டுமே கண்ட இடத்தில் கை வைப்பவை. 2-ஏபிபி ஒராய் கதவையும் பாதிக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி எடுத்த முடிவை நான் பென்சிலில்தான் குறித்துக்கொள்வேன்.

படி 9: அணைவதையும் வரையுங்கள்

பம்புகள் கால்சியத்தைக் கிடங்குக்கும் வெளிக்கும் திருப்பி அனுப்புகின்றன. சோடியம்–கால்சியம் பரிமாற்றியும் உதவுகிறது. ஜிக்யூ தான் பிடித்த ட்ரைபாஸ்பேட்டை வெட்டி அடங்குகிறது. ஆர்ஜிஎஸ்2 புரதம் அதை விரைவுபடுத்தும். அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது. இவை நிமிடங்களில் முடியும் வேலைகள்.

ஏற்பி மட்டும் சீக்கிரம் பழைய நிலைக்கு வராது. அதன் வாலில் கைனேஸ்கள் பாஸ்பேட் ஏற்றும், அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டும், ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படும். ஆஞ்சியோடென்சினில் இது நன்றாகவே தெரியும்: முதல் முறை நல்ல உச்சம், கழுவிவிட்டு இரண்டாம் முறை கொடுத்தால் பாதிகூட வராது. புதியவர்கள் செய்யும் மிகச் சாதாரணமான பிழை இங்கேதான். முதலில் ஹார்மோன் மட்டும், கழுவல், பிறகு தடுப்பானோடு ஹார்மோன், ஆஹா உச்சம் குறைந்துவிட்டது, தடுப்பான் வேலை செய்கிறது! தடுப்பானே இல்லாமல் இரண்டு முறை கொடுத்த ஒரு தட்டைப் பக்கத்தில் வைத்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். எண்டோதெலினுக்கோ கழுவலே உதவாது, ஏற்பியை அவ்வளவு இறுகப் பிடித்திருக்கும். அதற்கு ஒரு தட்டுக்கு ஒரு முறைதான், அடுத்த சோதனைக்குப் புதுத் தட்டு.